காரைக்குடி வீட்டில் நிற்கும் டீசல் எஸ்யூவி: சர்வீஸும் சில்லறைக் கோளாறும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்குச் சென்னையில் வேலை. 2021-ல் வாங்கிய டீசல் எஸ்யூவி காரைக்குடி வீட்டில் நிற்கிறது. அப்பச்சி கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் எடுக்கிறார்; பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் குடும்பமே அதில் ஏறுகிறது. வருடத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. சமீபத்தில் இரண்டு தடவை செல்ஃப் எடுக்கவில்லை. இப்போது மீட்டரில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது, மிதித்தால் இழுவை இல்லை. "பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்றார்கள். அதுவே இன்னும் ஆகவில்லை, அதற்குள் ஏன் இத்தனை வம்பு? ஊருக்கு வரும்போது நான் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, அந்தக் கிலோமீட்டர் ஏறாததுதான் வம்பே. சர்வீஸ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். "10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது" என்றுதான் பெரும்பாலும் போட்டிருக்கும். நாம் முன்பாதியை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறோம். பிள்ளைகள் வெளியூரில், பெரியவர்கள் ஊரில், பின்கட்டுப் பக்கம் தகரக் கொட்டகை, அதற்குள் வண்டி. செட்டிநாட்டில் இப்படி நிற்கும் வண்டிகள் ஏராளம். இவை ஓடித் தேய்வதில்லை, நின்றுதான் கெடுகின்றன. அதனால் உங்கள் வண்டிக்குக் கிலோமீட்டரை மறந்துவிட்டு நாள்காட்டியைப் பார்த்துச் செலவு செய்யுங்கள்.

முதலில் அந்த மஞ்சள் விளக்கு. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எனக்கு டிபிஎஃப் மேல்தான் சந்தேகம். 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதன் பிறகு வந்த டீசல் கார்களில் புகைக்குழாய் வழியில் டிபிஎஃப் என்ற ஒரு வடிகட்டி இருக்கும். புகையில் வரும் கரித்தூளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்த கரியை அவ்வப்போது எரித்துத் தள்ள வேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டுக்காக இன்ஜின் கொஞ்சம் கூடுதலாக டீசலைத் தெளித்துக் கரியை எரிக்கும். சாவகாசமாகப் பத்து இருபது நிமிடம் நெடுஞ்சாலையில் ஓடினால் இது தானாக நடந்து முடிந்துவிடும், உங்களுக்குத் தெரியக்கூட தெரியாது. ஆனால் கழனிவாசலிலிருந்து கொப்புடையம்மன் கோயில் வரை போய், வண்டியை நிறுத்திவிட்டு, தரிசனம் முடித்துத் திரும்பினால் இன்ஜினே சரியாகச் சூடேறாது. கரி எப்படி எரியும்? பாதி எரியும்போது சாவியைத் திருப்பி அணைத்துவிடுவோம். இப்படியே சேர்ந்து சேர்ந்து ஒருநாள் அடைத்துக்கொள்ளும்.

விளக்கு மட்டும் எரிகிறது, இழுவை குறையவில்லை என்றால் வைத்தியம் சுலபம். புதுக்கோட்டை ரோட்டில் திருமயம் கோட்டை வரை ஒரு நடை போய்த் திரும்புங்கள். 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல், இன்ஜின் சுற்று 2,000-ஐ ஒட்டி இருக்கும்படி கியரை வைத்துக்கொள்ளுங்கள். டாப் கியரில் போட்டு இழுக்க வேண்டாம், ஒரு கியர் கீழேயே ஓடட்டும். போகும்போதோ திரும்பும்போதோ விளக்கு அணையலாம். டீசல் கால் டேங்குக்கு மேல் இருக்கட்டும். குறைவாக இருந்தால் பல வண்டிகள் இந்த வேலையைத் தொடங்குவதே இல்லை.

உங்கள் கதை அதைத் தாண்டிவிட்டது போலத் தெரிகிறது. இழுவை போய்விட்டது என்றால், வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தை அடக்கிக்கொண்டது என்று அர்த்தம். இப்போது நெடுஞ்சாலையில் விரட்டிப் பயனில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைப் போட்டு, வண்டியை நிறுத்தி வைத்தே கரியை எரிக்கச் சொல்ல வேண்டும். ஸ்கேனரில் கோளாறு எண் பி2463 என்று வந்தால் கரி நிறைந்துவிட்டது என்று பொருள். வேறு எண் வந்தால் காரணமும் வேறாக இருக்கும்: ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ குழாய் கழன்றது, சென்சார் ஒயரை எலி கடித்தது. அதனால் எண்ணைப் பார்க்காமல் "டிபிஎஃப் போச்சு, மாற்றணும்" என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். புதுசு லட்சத்தைத் தொடும் சாமான். எரித்துச் சரிசெய்யக்கூடியதை மாற்றிவிட்டுப் பணத்தைத் தொலைக்கக் கூடாது. இன்னொரு யோசனையும் சொல்வார்கள், "கழற்றிப் போட்டுவிடலாம்" என்று. வேண்டாம். சட்டப்படியும் தப்பு, மென்பொருளை ஏமாற்றப் போய் வேறு வில்லங்கமும் வரும்.

அப்பச்சியிடம் ஒரு அடையாளம் மட்டும் சொல்லி வையுங்கள். வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது ஐட்லிங் சத்தம் வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறது, ரேடியேட்டர் ஃபேன் 'ஊ' என்று சுற்றுகிறது, லேசாகச் சூட்டு வாடை அடிக்கிறது என்றால் உள்ளே கரி எரிந்துகொண்டிருக்கிறது. அப்போது அணைக்காமல் இன்னொரு சுற்று போய்விட்டு வரச் சொல்லுங்கள். காய்ந்த சருகு, வைக்கோல் மேல் மட்டும் நிறுத்தக் கூடாது. புகைக்குழாய் அப்போது கொதிக்கும்.

இதன் தொடர்ச்சி ஒன்று இன்ஜின் ஆயிலில் தெரியும். கரி எரிப்பு பாதியில் நின்றுபோனால், தெளித்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். காலையில் சமதளத்தில் வண்டி நிற்கும்போது டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பாருங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், "பரவாயில்லை, குறையவில்லையே" என்று நிம்மதி அடைய வேண்டாம். விரலில் தேய்த்தால் தண்ணியாக இருக்கும், டீசல் வாடை வரும். அதை உடனே மாற்ற வேண்டும். மாற்றும்போது டப்பாவில் ஏசிஇஏ (ஐரோப்பிய ஆயில் தரக் குறியீடு) சி2 அல்லது சி3 என்று, உங்கள் வண்டிப் புத்தகம் கேட்கும் தரம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஊற்ற வேண்டும். பழைய டீசல் ஜீப்புக்கு ஊற்றும் ஆயிலை ஊற்றினால் அந்தச் சாம்பலும் வடிகட்டியில் போய் உட்காரும். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது.

சில டீசல் எஸ்யூவிகளுக்குப் புகையின் நச்சைக் குறைக்க டெஃப் என்ற யூரியாக் கரைசலும் தனி டேங்கில் ஊற்ற வேண்டும். 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். அது தீர்ந்துபோனால் முன்கூட்டியே எச்சரித்துவிட்டு, கடைசியில் வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆக மறுக்கும். உங்கள் வண்டியில் நீல மூடி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கேனை வாங்கித் தகரக் கொட்டகையில் அடுக்கி வைக்காதீர்கள். 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்கும் கரைசல், 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் கொட்டகைக்குள் எவ்வளவு இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தவறிப்போய் டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியையே தொடாமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது செல்ஃப் எடுக்காத விஷயம். கணக்கு ஒன்று போடுவோம். பூட்டி நிற்கும் காரில்கூட அலாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் பகுதி, கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. ஒரு மாதத்தில் 36. உங்கள் பேட்டரி 70 ஆம்பியர் மணி என்றால் பாதி காலி. அதோடு அது நாலு வருடப் பேட்டரி வேறு, வெயிலில் வெந்தது. செல்ஃப் எடுக்காமல் போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

மல்டிமீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்கி வீட்டில் வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.4 என்றால் முக்கால் சார்ஜ். 12-க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். அது காட்டவில்லை என்றால் குற்றம் பேட்டரியிடம் இல்லை, அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிடம் இருக்கிறது. ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் உள்ள சில புது வண்டிகளில் இந்த எண் கொஞ்சம் ஏறி இறங்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பேட்டரி ஆராய்ச்சியில் பெயர்பெற்ற சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம் ஊரிலேயே இருக்கிறது.  அந்த ஊரில் வருடா வருடம் இத்தனை கார்கள் பேட்டரி இறங்கி நிற்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

சத்தத்தை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம். 'டக டக டக' என்று வேகமாகத் தட்டினால் பேட்டரி இறங்கியிருக்கிறது. ஒரே ஒரு 'டக்', அப்புறம் மௌனம் என்றால் டெர்மினல் தளர்வு அல்லது செல்ஃப் மோட்டார். மீட்டரில் விளக்கே வரவில்லை என்றால் முதலில் டெர்மினலைக் கையால் ஆட்டிப் பாருங்கள், வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் விட்டுக் கழுவித் துடைத்து இறுக்குங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் அது டீசல் வரத்து விவகாரம், பேட்டரி மேல் பழி போடாதீர்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் சாவியைக் காணோம் என்று திரையில் வந்தால் சாவிக்குள் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும். சாவியையே பட்டன் மேல் ஒட்டினாற்போல வைத்து அழுத்தினால் பெரும்பாலான வண்டிகள் எடுத்துக்கொள்ளும். பெரியவர்கள் நடு ரோட்டில் தவிக்கும் விஷயம் இது, அப்பச்சிக்கு ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.

ஜம்பர் கேபிள் போடும் வரிசை முக்கியம். சிவப்பு முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸில். அப்புறம் கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில். கடைசி முனையை இறங்கிய பேட்டரியில் மாட்ட வேண்டாம். அந்த வண்டி இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது, அதற்காகத்தான். தெருப் பையன்களைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் பண்ணும் பழக்கம் இந்த வண்டிக்கு ஆகாது. ஆட்டோமேட்டிக்கில் நடக்கவே நடக்காது.

தினமும் ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அணைப்பது பல வீடுகளில் வழக்கம். அது பேட்டரிக்கும் உதவாது, டிபிஎஃப்புக்குக் கெடுதல். வாரம் ஒருமுறை தேவகோட்டை வரை போய்வந்தால் பேட்டரி, பிரேக், டயர், ஏசி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மருந்து. அப்பச்சி வெளியூர் போய் மாதக்கணக்கில் வண்டி நிற்கும் என்றால் மைனஸ் கேபிளைக் கழற்றி வைக்கலாம், அல்லது நின்ற இடத்திலேயே மாட்டி வைக்கும் சின்ன சார்ஜர் வாங்கலாம். நான் இரண்டாவதைச் சொல்வேன். புதுப் பேட்டரி வாங்கினால், சிக்னலில் இன்ஜின் தானாக அணைந்து மறுபடி ஸ்டார்ட் ஆகும் வகை வண்டி என்றால் அதற்கென்று வரும் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் பேட்டரிதான் போட வேண்டும். விலை குறைவென்று சாதாரணத்தைப் போட்டால் சீக்கிரம் போய்விடும்.

இனி எலி. நம் பக்கத்து வண்டிகளுக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. கொட்டகைக்குப் பக்கத்திலேயே நெல் மூட்டை, பழைய சாமான் அறை. பானட்டைத் திறந்தால் இன்ஜின் மூடி மேல் கொறித்த வேப்பங்கொட்டை, தேங்காய் நார், மூலையில் பஞ்சைப் பிய்த்துச் செய்த கூடு, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் புழுக்கை. அந்தப் பஞ்சு பானட்டின் அடியில் ஒட்டியிருக்கும் சத்தம் தடுக்கும் மெத்தையிலிருந்து பிய்த்தது. ஒரு வாரத்துக்கு மேல் நின்ற வண்டியை எடுக்கும் முன் பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பதைக் கட்டாயமாக்குங்கள். ஒயர் அறுந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினால் நூறு ரூபாய் வேலை ஆயிரக்கணக்கில் போகும். புகையிலை, நாப்தலின் உருண்டை, கடையில் விற்கும் ஸ்பிரே எல்லாம் வாடை இருக்கிற வரைதான். வாடை போனதும் எலி திரும்பும். எனக்குத் தெரிந்து நம்பகமான வழி, கொட்டகையைக் காலி பண்ணி, மூட்டைகளை அப்புறப்படுத்தி, இரவில் பானட்டைத் திறந்தே வைப்பது. இருட்டும் கதகதப்பும் இல்லாவிட்டால் அதற்கு அங்கே வேலை இல்லை. பானட் விளக்கு இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி போகும்.

பானட் திறந்த கையோடு, முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தையும் பாருங்கள். வேப்பமரத்தடி வண்டிகளில் பங்குனி, சித்திரையில் உதிரும் பூவும் சருகும் அங்கேதான் சேரும். மழைத்தண்ணீர் வடியும் ஓட்டைகள் அதில் அடைத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் தண்ணீர் வடிய வழியில்லாமல் உள்ளே இறங்கி, இடதுபக்கத் தரைவிரிப்பு நனைந்து நாறும். அந்த நாற்றத்தை ஏசி கேஸ் என்று நினைத்துச் செலவு செய்தவர்கள் உண்டு. கையால் அள்ளிப் போட்டால் தீர்ந்தது.

ஏசி பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஓடும்போது குளிர்ச்சி, நிற்கும்போது வெக்கை என்றால் முன்னால் இருக்கும் கண்டென்சரில் செம்மண் புழுதி அப்பியிருக்கும் அல்லது ஃபேன் சுற்றவில்லை. காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டர், பெரும்பாலான வண்டிகளில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும், ஸ்குரூ டிரைவர்கூட வேண்டாம், நீங்களே மாற்றலாம். எப்போதுமே குளிரவில்லை என்றால்தான் கேஸ். கேஸ் தேய்ந்து தீரும் பொருள் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் வருடா வருடம் நிரப்புவது வீண்.

தண்ணீர். ரேடியேட்டரில் கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றிவிடுவது இங்கே சகஜம். உப்பு படிந்து உள்ளே குழாய் அடைக்கும். புத்தகம் சொல்லும் கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். வளவு முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்த மழைத்தண்ணீர் சுத்தம்தானே என்று பெரியவர்கள் கேட்பார்கள். சமையலுக்கு அது அமிர்தம், ஆனால் ஓடு, தகரம், அண்டா எல்லாம் தொட்டு வந்த தண்ணீர், பேட்டரிக்கும் ரேடியேட்டருக்கும் வேண்டாம். வெப்ப முள் ஏறிக்கொண்டே போனால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறட்டும்.

டயரில் பூ தேயவில்லை என்பதற்காக நம்பிவிடக் கூடாது. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஐந்து வருடம் தாண்டினால் வருடம் ஒருமுறை பஞ்சர் கடையில் காட்டுங்கள், பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். வெடிப்பு விட்ட டயரோடு ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மே மாதத்தில் மதுரை ரோட்டில் 100-ல் போவது ஆபத்து. காற்று அளவு டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். ஆள் குறைவாக இருக்கும்போது ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று என்று இரண்டு எண் இருக்கும். கல்யாணத்துக்குக் கிளம்பும்போது இரண்டாவதைப் பிடியுங்கள். ஸ்டெப்னியிலும் காற்று பாருங்கள், ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கிறதா என்றும் பாருங்கள். நைட்ரஜனுக்குத் தனிக் காசு வேண்டாம், சாதாரணக் காற்றே போதும்.

பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அது காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும். 2021 முதல் மாற்றவில்லை என்றால் இந்தத் தடவை மாற்றிவிடுங்கள். நாள்கணக்கில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டு வைத்தால் பின்சக்கரம் பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் போட்டுக் கட்டை கொடுங்கள். முதல் நாள் எடுக்கும்போது 'கரகர' என்று கேட்பது டிஸ்க்கில் படிந்த துரு, நாலைந்து தடவை மிதித்தால் போய்விடும். போகாவிட்டால் காட்டுங்கள். டேங்கை முக்காலுக்குக் குறையாமல் வைத்திருந்தால் உள்ளே ஈரம் கோத்துத் தண்ணீர் சேர்வதும் குறையும். சேர்ந்த தண்ணீரை டீசல் ஃபில்டருக்கு அடியில் உள்ள திருகைத் திறந்து வடிக்கலாம்.

விளக்குகளில் நிறம்தான் பாடம். மஞ்சள் என்றால் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். சிவப்பு என்றால் அந்த இடத்திலேயே நிறுத்து. அதிலும் எண்ணெய்க் குப்பி படம் சிவப்பாக எரிந்தால் "பக்கத்து ஊர் வந்துடும்" என்று ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது, இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

ஒர்க்‌ஷாப்பில் விடும்போது "ஜெனரல் சர்வீஸ்" என்று மட்டும் சொல்லாமல், ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், பிரேக் ஆயில், பேட்டரி சோதனை, ஸ்கேன் ரிப்போர்ட் என்று எழுதிக் கொடுங்கள். இன்ஜின் ஃப்ளஷ், அடிப்பக்கக் கோட்டிங், உள்ளே வாசனை மருந்து என்று பில் நீண்டால் தைரியமாக வேண்டாம் சொல்லுங்கள். கழற்றிய பழைய ஃபில்டர்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், மாற்றினார்களா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் பொங்கலுக்கு முதல் நாள் வைத்துக்கொள்ளாதீர்கள். சென்சாரோ சரியான பேட்டரியோ ஊரில் இல்லாவிட்டால் திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ வர வேண்டும், பண்டிகை நேரத்தில் ஒர்க்‌ஷாப் ஆட்களும் லீவில் இருப்பார்கள். மார்கழி பாதியிலேயே ஒரு வாரக் கடைசியில் வந்து விட்டுவிட்டுப் போங்கள். இப்போதைக்கு ஸ்கேன் பண்ணி அந்தக் கோளாறு எண் என்னவென்று எழுதி அனுப்புங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.